40-ல் எழும்பி 60-ல் உறுமும் சத்தம்: 1998 மாருதி 800

2024 ஜூன் 9, ஞாயிறு

இந்த மன்றத்தில் நேராகக் கேட்டுவிடுகிறேன். 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, நாலு கியர். அப்பா புதிதாக எடுத்தது, இப்போது நாமக்கல்லில் நான் ஓட்டுகிறேன். 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒன்றரை மாதமாக ஒரு சத்தம். வேகம் 40-ஐத் தொட்டதும் மெல்ல ‘வூம்’ என்று எழும்பி, 50, 55-ல் உறுமலாகி, 60-க்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. இதோடு, தெருவுக்குள் மெதுவாகப் போகும்போது ஒரு ‘டிக் டிக்’. இரண்டும் ஒன்றுதானா என்று தெரியவில்லை.

வலது முன்சக்கரத்திலிருந்து வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வலது காலுக்கு அடியில்தான் கேட்கிறது.

ஒரு மெக்கானிக் டயர் என்றார். இன்னொருவர் கியர்பாக்ஸ், இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். இறக்கி ஏற்றக் கூலியே பெரிய தொகை. என்ன பழுது என்று தெரியாமல் கியர்பாக்ஸைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய 800 வைத்திருப்பவர்கள் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

2024 ஜூன் 9, இரவு

விட்டுப்போனவை. மோகனூர் ரோட்டில் 60 வரை ஏற்றி, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைக்காமல் உருளவிட்டேன். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிட்டது, உறுமல் அப்படியே இருந்தது. வேகம் குறையக் குறையத்தான் இறங்கியது. ஆகவே இன்ஜின் இல்லை, கிளட்ச் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை.

இதைச் செய்பவர்கள் சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

அப்பா பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. சத்தம் தெரிகிறதா என்று சைகையில் கேட்டேன். “சத்தமெல்லாம் தெரியல, சீட்டுதான் நடுங்குது” என்றார். 26 வருடச் சீட்டு, உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

2024 ஜூன் 12

பழைய வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும், பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று ஒருவர் இங்கே பதில் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டேஷ்போர்டு கடகடப்பதும் சக்கரத்தில் வரும் சத்தமும் ஒன்றில்லை. சக்கரத்தில் பேரிங் (இரும்புக் குண்டுகள் மேல் சக்கரத்தை உருளவிடும் வளையம்) சூடேறிச் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் லாரி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வண்டியில் என் பிள்ளைகள் வருகிறார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, அது ஆபத்தில்லாதது என்றால் அப்போது பாட்டை வைத்துக்கொள்ளலாம்.

2024 ஜூன் 16, ஞாயிறு

‘டிக் டிக்’ கிடைத்துவிட்டது!

எப்படி என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். என் டயர் 145/70 ஆர்12. கணக்குப் போட்டால் வெளிச்சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர் வருகிறது. அதாவது சக்கரத்தோடு சுற்றும் எதுவும் சத்தம் போட்டால் 160 செ.மீ.க்கு ஒரு தடவைதான் போட முடியும். இன்ஜினை அணைத்துவிட்டு வீட்டு வாசல் சிமென்ட் தரையில் வண்டியைத் தள்ளச் சொல்லி, ஒவ்வொரு ‘டிக்’குக்கும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனேன். டேப் வைத்து அளந்தால் 158, 161, 160. அப்புறம் நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்ததில், இடது முன் டயரின் வெட்டுக்குள் பட்டாணி அளவு ஜல்லி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். டிக் போயிற்று.

கவனியுங்கள், இடது முன் டயர். நான் இத்தனை நாளும் அது வலதில் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உறுமல் போகவில்லை. கையோடு முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு, சேலம் ரோட்டில் புதுச்சத்திரம் வரை போய் வந்தேன். டயர் என்றால் சத்தம் இடம் மாறியிருக்க வேண்டும், குறைந்தது தொனியாவது மாறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. இன்னொன்றும் பார்த்தேன். புதிதாகத் தார் போட்ட இடத்திலும் சொரசொரப்பான பழைய தார் மேலும் உறுமல் ஒரே மாதிரி. டயர் சத்தம் தரைக்குத் தரை மாறும். ஆக முதல் மெக்கானிக் சொன்னதைக் கழித்துவிட்டேன்.

2024 ஜூன் 17

ஒரு திருத்தம், முக்கியமானது. 9-ஆம் தேதி இரவு நியூட்ரல் சோதனையை வைத்துக் கியர்பாக்ஸ் இல்லை என்று எழுதினேன். தவறு. ஈரோட்டுக்காரர் ஒருவர் சுட்டிக்காட்டினார். இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி, டிஃபரன்ஷியலும் (சுழற்சியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டு) கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. நியூட்ரலில் போட்டாலும் சக்கரம் சுற்றும்வரை டிஃபரன்ஷியல், அதன் பேரிங், வெளிப்பக்க ஷாஃப்ட் எல்லாம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சோதனை இன்ஜினையும் கிளட்சையும் மட்டும்தான் கழிக்கும். இரண்டாவது மெக்கானிக் சொன்னது இன்னும் உயிரோடு இருக்கிறது.

2024 ஜூன் 30, ஞாயிறு

எங்கள் தெருவில் லாரி வேலை பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார், முப்பது வருட அனுபவம். கார் வேலை செய்வதில்லை, ஆனாலும் வந்தார். முன்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் இதைச் செய்யக் கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கியும் செய்யக் கூடாது. மற்றது தரையில் நின்றால் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் மீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும்.

நான் உள்ளே உட்கார்ந்து நாலாவது கியரில் முதலில் 50, பிறகு 60 வரை கொண்டுபோனேன். அண்ணன் வெளியே குனிந்து, ஒரு முழ நீள மரக்குச்சியின் ஒரு முனையைக் கியர்பாக்ஸ் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு கேட்டார். அப்புறம் வலது ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு), இடது ஹப், சுற்றும் எதிலும் படாமல். என்னையும் ஒரு முறை கேட்கச் சொன்னார். நல்ல பேரிங் ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராகப் போகிறது, அதைக் கேட்ட பிறகுதான் கெட்டது எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் பெண்களுக்கும், கட்டையால் டயரைத் தட்டிக் காற்று சொல்லும் கிளீனர்களுக்கும் இருக்கும் அதே காது அவருக்கு.

முடிவு: உறுமல் வரவே இல்லை. 50-ல் இல்லை, 60-ல் இல்லை.

அண்ணன் சொன்னார், “தம்பி, எடை விழுந்தாத்தான் கத்தும்போல. முன்னாடி பேரிங்க மாத்திப் பாருங்க.” எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

2024 ஜூலை 7

வலது முன் பேரிங் மாற்றியாயிற்று. பேரிங், கூலி எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாய். உறுமல் அப்படியே.

கழற்றிய பேரிங்கைக் கழுவி விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. நல்ல பேரிங்கை எடுத்து வீசியிருக்கிறேன்.

2024 ஜூலை 21

இரண்டு வாரமாக அந்த ஜாக்கிச் சோதனையையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தைத் தூக்கிச் சுற்றவிட்டபோது சத்தம் இல்லை. அதற்கு ‘எடை இல்லாததால் சத்தமில்லை’ என்று ஒரு காரணம் சொன்னோம். ஆனால் அன்று வேறொன்றும் நடக்காமல் இருந்தது. பின்சக்கரங்கள் சுற்றவில்லை! கட்டை கொடுத்து நிறுத்தி வைத்திருந்தோமே. சத்தம் வந்த நேரத்தை எல்லாம் எழுதி வைத்த நான், வராமல் போன அந்த ஒரு சந்தர்ப்பத்தில் வண்டியில் எது எது நின்றிருந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

என் காது ‘வலது முன்’ என்று சொன்னதால் பின்பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. காது ஏன் தவறாகச் சொன்னது என்பதற்கும் ஈரோட்டு நண்பர் விளக்கம் கொடுத்தார். சத்தம் எவ்வளவு அடித்தொண்டையில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் திசையைக் காது கண்டுபிடிப்பது கஷ்டம். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் ஓர் அலை காற்றில் சுமார் 3.4 மீட்டர் நீளம். மாருதி 800-இன் மொத்த நீளமே 3.3 மீட்டர் சொச்சம். ஓர் அலைக்குள்ளேயே கார் முழுவதும் அடங்கிவிடுகிறது, அதற்குள் உட்கார்ந்துகொண்டு இடதா வலதா என்று எப்படிச் சொல்ல முடியும்? போதாததற்கு, சக்கரத்தில் எழும் அதிர்வு பாடித் தகடு வழியாக ஓடி, எந்தத் தகடு சும்மா கிடக்கிறதோ அங்கே போய்ச் சத்தமாகிறது. என் வண்டியில் டிரைவர் கால் வைக்கும் தரைத்தகடு அப்படி அதிர்கிறது என்று நினைக்கிறேன். தரைவிரிப்பைத் தூக்கிவிட்டுத் தட்டினால் தம்பட்டம் மாதிரி இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப்பெருக்கு. குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் எடை ஒருபக்கம் சாயுமே, இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது என்று கணக்குப் போட்டிருந்தேன். வலதுபக்கம் திரும்பினால் எடை இடது சக்கரங்கள் மேல் ஏறும், இடதுபக்கம் திரும்பினால் வலது சக்கரங்கள் மேல்.

மலையில் எதுவும் தெரியவில்லை. கொண்டை ஊசியில் முதல் கியர், இரண்டாவது கியர், 15, 20-க்கு மேல் போக முடியாது. சத்தம் தொடங்குவதே 40-ல். தவிர நேற்றுக் கூட்டம் எக்கச்சக்கம், வல்வில் ஓரி விழா வேறு, பாதி தூரம் ஊர்வலம்தான்.

ஆனால் திரும்பி வரும்போது, மலை இறங்கி சேந்தமங்கலம் பக்கம் வரும் ரோட்டில், 50-ல் எடுக்கக்கூடிய அகல வளைவுகள் வந்தன. வலது வளைவில் உறுமல் ஏறியது. இடது வளைவில் பாதியாகக் குறைந்தது. நாலைந்து தடவை வந்தது, ஒரு தடவைகூட மாறவில்லை. அப்படியானால் இடதுபக்கச் சக்கரம்.

அப்போது அப்பா இடதுபக்கப் பின்சீட்டில் இருந்தார், உள்ளங்கையைச் சீட்டில் ஊன்றிக்கொண்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “இந்தப் பக்கம் திரும்பினா நடுக்கம் நிக்குது, அந்தப் பக்கம் திரும்பினா அதிகமாகுது.”

வண்டியை ஓரம் கட்டினேன். ஜூன் 9-ஆம் தேதி இரவு நானே எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள், சீட்டு நடுங்குகிறது என்று அன்றே சொல்லியிருக்கிறார். காது கேட்காதவர் சத்தத்தைப் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று நான் அதைச் சீட்டு ஸ்பிரிங் கணக்கில் எழுதிவிட்டேன். இரண்டு மாதம், 1,800 ரூபாய். அதைவிட, அவர் சொன்னதை நான் கேட்காமல் விட்டதுதான் உறுத்துகிறது. வீட்டுக்கு வந்ததும் அவரிடமே சொல்லிவிட்டேன். “சரி, முதல்ல சக்கரத்தக் கழட்டு” என்றார்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

இடது பின் பேரிங்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, இடது பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு வைத்தேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் துளி ஆட்டம் இல்லை. இரண்டு மெக்கானிக்குகளும் இப்படி ஆட்டிப் பார்த்துத்தான் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். கையால் சுற்றிவிட்டால் சத்தமும் பெரிதாக இல்லை. அப்புறம் லாரி அண்ணன் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையின் விரல்களைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைக்கச் சொன்னார். அங்கே தெரிந்தது. மணல் மேல் உருள்வதைப்போல ஒரு நரநரப்பு, காதுக்கு எட்டாதது விரலுக்கு எட்டுகிறது. அப்பாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டதும் தலையாட்டினார்.

பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது, தண்ணீர் கலந்தது. போன மழைக்காலத்தில் ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு நாள் வண்டியை இறக்கினேன், அச்சு வரை தண்ணீர். ஓடிச் சூடான டிரம் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரைத் தடுக்க வேண்டிய ரப்பர் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சீல் அதன் வயதுக்குக் கெட்டித்துப் போயிருந்தது. வண்டியின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேரிங்கின் உள்வளையத்தில் ஒரே இடத்தில், நகக்கண் அளவுக்கு, அரித்த பள்ளம். மற்ற இடமெல்லாம் கண்ணாடி. இதற்கும் காரணம் இருக்கிறது. பின்பக்கம் அச்சு சுற்றாது, டிரம்மும் வெளிவளையமும்தான் சுற்றும். உள்வளையம் அசையாமல் நிற்பதால் வண்டியின் எடை எப்போதும் அதன் அதே அடிப்பகுதியில்தான் அழுத்துகிறது. அந்த ஓர் இடம் தேய்கிறது, மற்ற இடம் புதிதாக இருக்கிறது, அதனால்தான் ஆட்டமும் இல்லை. 50-ல் சக்கரம் நொடிக்கு எட்டு ஒன்பது சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் வரிசையாக அந்தப் பள்ளத்தில் விழுந்து ஏறுகின்றன. தனித்தனியாக எண்ண முடியாத வேகம், அதனால் உறுமலாகச் சேர்ந்துவிடுகிறது.

பேரிங், சீல், புது கிரீஸ். சாயங்காலம் புதுச்சத்திரம் வரை 70-ல் போனேன். காற்றுச் சத்தமும் இன்ஜின் சத்தமும் மட்டும். அந்த மூன்று சிலிண்டர் இன்ஜினின் சத்தத்தைத் தனியாகக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

2024 ஆகஸ்ட் 15

வலதுபக்கத்தையும் சேர்த்து மாற்றியிருக்கலாமே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதுவும் அதே தண்ணீரில்தான் நின்றது, நியாயமான கேள்வி. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எது கத்தியது என்று இன்றுவரை தெரிந்திருக்காது. வலதை விரல் வைத்துப் பார்த்தேன், இப்போதைக்கு வழுவழு.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

இழையை மறுபடி திறக்கிறேன். புதுச் சத்தம், முற்றிலும் வேறு. பிரேக் பிடித்தால் ‘களுக்’. கிளம்பினால் இன்னொரு ‘களுக்’. இளநீரைக் காதோரம் வைத்து ஆட்டினால் வருமே, அது.

முதலில் பெட்ரோல் டேங்க் என்றுதான் தோன்றும். இந்த முறை பொருளை ஊகிக்காமல், வராத நேரத்தை எழுதினேன். டேங்க் நிரப்பிய அன்றும் வந்தது. முழு டேங்க்கில் பெட்ரோல் அலைய இடமில்லை, ஆகவே டேங்க் இல்லை. நாலு நாள் மழை இல்லாமல் இருந்தபோது குறைந்துகொண்டே போய் நின்றது. அடுத்த மழையில் திரும்ப வந்தது.

2024 அக்டோபர் 21

கதவு! இடது பின்கதவைத் திறந்து வேகமாக ஆட்டினால் அதற்குள் தண்ணீர் அலைகிறது. கண்ணாடியோரமாக இறங்கும் மழைநீர் வெளியேற எந்தக் காரிலும் கதவின் அடிவிளிம்பில் ஓட்டைகள் இருக்கும். என் வண்டி நிற்பது புளியமரத்துக்கு அடியில். புளிய இலை எவ்வளவு சிறிது என்று உங்களுக்கே தெரியும், ரப்பர் பட்டை இடுக்கில் நுழைந்து உள்ளே போய், மண்ணோடு சேர்ந்து களியாகி, ஓட்டையை அடைத்திருக்கிறது. தென்னை ஈர்க்குச்சியால் குத்தினேன். டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது, கீழே வைத்த பழைய பெயின்ட் டப்பாவில் ஒன்றரை லிட்டர் பிடித்தேன். மற்ற மூன்று கதவிலும் தண்ணீர் இல்லை, இலை இருந்தது. முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் ஒரு கைப்பிடி இலை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மழைக்கு முன் இதைப் பாருங்கள். சத்தம் போனது எனக்குப் பெரிதில்லை, கதவின் உள்விளிம்பில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் டிங்கரிங் வேலைதான். உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து விட்டிருக்கிறேன். மரம் எங்களுக்கு முன்பிருந்தே நிற்கிறது, வண்டியை இடம் மாற்றிவிட்டேன்.

2024 நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி கழிந்து அக்கா வீட்டுக்குச் சேலம் போய் வந்தோம். அப்பா இப்போது காரில் ஏறினால் முதலில் உள்ளங்கையைச் சீட்டில் ஊன்றிக்கொள்கிறார். ஆண்டகளூர் கேட் தாண்டியதும் இடமிருந்து வலதுபக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் தோளைத் தட்டினார். “இந்தப் பக்கம் லேசா ஆரம்பிச்சிருக்கு.”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. பேரிங்கும் சீலும் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வலது பின்சக்கரத்தைத் தூக்குகிறோம்.